வளவுக்குள் வந்த பல்கலைக்கழகம்

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோவிலைக் கருங்கல்லால் எழுப்பிய இராமநாதனைத் தெரிந்த நாம், அவரது தம்பி அருணாசலத்தை மறந்துவிடுகிறோம். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் சங்கம் வைத்து வாதாடியவர் அவர். 1912இல் ஆதர் டி சொய்சா தன் மனைவியின் பெயரில் கட்டிய கொழும்பு றெஜினா வளவை, அந்தக் கோரிக்கையின் பயனாக அரசு 1920இல் வாங்கியது. 1921 ஜனவரியில் அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. ஒரு குடும்பத்தின் பெருமைக்காக எழுந்த மாளிகை, எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரியை வளர்த்த வீடானது. அதைவிட நல்ல பயன் எந்த வளவுக்கும் வாய்க்கவில்லை என்பேன். இன்று அது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடம். தேர்ஸ்டன் வீதியால் போகும்போது பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அருணாசலத்தின் பெயரையும் சொல்லுங்கள்.