மயக்கம் தெளியட்டும்!

தோழனே!

ஐந்தருவியைக் கண்டிருப்பாய். மேலே ஒரே நீர். பாறை பிரித்திட, ஐந்தாக விழுகிறது. ஓர் அருவியில் நனைந்தவன், மற்ற நான்கும் அருவியே அல்ல என்றால் நகைப்பாய் அல்லவா? மருத்துவப் படிப்பிலே அப்படிப் பேசுவோரை மட்டும் அறிஞர் என்கிறார்களே, அது ஏன்?

அறுவை மருத்துவர் கத்தியைத் தொடுமுன், நோயாளியின் தலைமாட்டிலே நிற்பவர் மயக்க மருத்துவர். அவரில்லையேல், பேறு காலத்திலே தவிக்கும் தாய்க்கு அறுவையில்லை. சில வேளை உயிரும் இல்லை. அவரை உருவாக்கும் முறை உலகெங்கும் ஒன்றா?

பிரிட்டனிலே பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி, அதன் மேல் 7 ஆண்டு. ஜெர்மனியிலே 5 ஆண்டு. அமெரிக்காவிலே 4 ஆண்டு. இங்கே எம்.டி. 3 ஆண்டு, பட்டயம் 2 ஆண்டு. சிற்றூர்களில் ஆளில்லை என்றதும், எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு 18 வாரப் பயிற்சி தந்து மயக்கம் கொடுக்கச் செய்ததும் இதே இந்திய அரசுதான்! அன்று எங்கே போயிற்று அந்த ஒரே அளவுகோல்?

இன்னொன்றும் கேள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வல்லுநராகிறவர், மருத்துவமனையிலே ஊதியம் பெற்றுப் பணியாற்றியபடியே பயில்கிறார். உழைப்பே அங்கே பள்ளி! தமிழ்நாடு செய்ததும் அதன் உறவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலே ஊழியம் புரிந்த அரசு மருத்துவருக்கு, மாநிலத்தின் மேற்படிப்பு இடங்களிலே பாதியை ஒதுக்கிற்று. படித்தவர் மீண்டும் ஏழையின் கட்டிலருகே வருவார் என்பதே அதன் கருத்து.

பொறுக்குமா? 2016-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்று, பட்ட மேற்படிப்பில் ஒதுக்கீடு கூடாது, ஊக்க மதிப்பெண் போதும் என்றது. மருத்துவர்கள் வழக்காடினர். 2020 ஆகஸ்டு 31-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு செய்யும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று உரைத்தது.

‘தகுதி குறையுமே’ என்று இன்னும் முணுமுணுப்போர் உளர். ஒதுக்கீட்டில் வருபவரும் நீட் எழுதியே வருகிறார். அதே 3 ஆண்டு பயில்கிறார். அதே தேர்வில் தேறுகிறார். குறைந்தது எது? தகுதியா, அவர்தம் தனியுரிமையா? பட்டம் பெறாத நீ பட்டப்படிப்பைப் பற்றிப் பேசலாமா என்று என்னைக் கேட்பர். பேசுவேன்! அறுவை மேசையிலே படுப்பவரிடம் பட்டம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

உரிமை ஏட்டிலே இருந்தால் போதாது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அப்பட்டியலிலே தென்காசி இல்லை! சாரல் காண வருவோர் திரும்பிவிடுவர். பீடி சுற்றும் தாய்மார் இங்கேதான் வாழ்கின்றனர். அவர்களுக்குக் கல்லூரி வேண்டும். அதிலே மயக்க மருத்துவம் பயிலும் இடங்கள் வேண்டும். அவ்விடங்களில் பாதி, ஊழியம் புரிந்தோர்க்கு வேண்டும்.

கேட்டுப் பெறு, தோழனே! நோயாளிக்கு மயக்கம் தேவை. நாட்டுக்கு அது தேவையில்லை!