தந்தையின் செல்வமும் மைந்தனின் ஊற்றும்

மாத்தளை மாவட்டத்தின் வடபால் நிமிர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்றைக் காணச் செல்வோர், அண்ணாந்து பார்த்தவாறே விரைகின்றனர். சென்ற மாரிக்காலத்தில் நான் அங்குச் சென்றிருந்தபோது, பள்ளி மாணவர் கூட்டமொன்றும் மேற்கு வாயிலைக் கடந்து, ஓவியங்களைக் காணும் ஆவலில் படிக்கட்டை நோக்கி நேரே நடந்தது. வழியருகே, துளையிட்ட சுண்ணக்கல் தட்டொன்றின் மீது நீர் மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக் காட்டுவார் எவருமிலர்.

மாணவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. கண்ணாடிச் சுவரிலே பண்டைப் பயணிகள் கீறிவைத்த பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அவற்றுள்ளும் பெரும்பாலானவை ஓவிய மகளிரைப் பற்றியனவே!

நான் அன்று மேலேறுவதை ஒத்திவைத்து, நீரின் வழியே நடந்தேன். நடுவே ஒரு தீவைச் சூழ்ந்து கிடக்கும் நான்கு பொய்கைகள், நீராடுவோர் இறங்கிய படிகள், வளைந்தோடும் ஆழமற்ற ஓடைகள், அவற்றையடுத்து நீரூற்றுகள். இங்கு எந்திரம் எதுவுமில்லை. உயரத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய்களில் இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே கல்லின் சிறு துளைகள் வழியே மேலெழுகின்றது. முதலாம் காசியப்பன் (477–495) காலத்து அமைப்பு, மழை நன்கு பெய்தால் இன்றும் இயங்குகின்றது. பின்னர் உச்சிக்கு ஏறினேன். அங்கே பாறையைக் குடைந்த பெருந்தொட்டி ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 21 மீட்டர் அகலமும் உடையது.

அதன் கரையில் நின்றபோது சூளவம்சம் கூறும் செய்தி நினைவுக்கு வந்தது. செல்வத்தைக் காட்டுமாறு நெருக்கப்பட்ட தாதுசேனன், தான் அமைத்த கலாவாவியில் நீராடி, அந்நீரையே தன் செல்வமனைத்தும் எனக் காட்டினானாம். அதனை ஒப்பாது தந்தையைக் கொல்வித்த காசியப்பனும், ஈற்றில் நீரிலேதான் தன் செல்வத்தைப் புதைத்துச் சென்றான்.

நம் வரலாற்றுப் பாடம் அந்தக் கொலையை மறவாது சொல்கின்றது. கல்லைத் துளைத்துக் கால்வாயின் சரிவை அளந்த கைகளைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. பெயரறியா அவ்வினைஞரின் அறிவு, மன்னனின் அரண்மனை இடிந்த பின்னும் பிழைத்திருக்கின்றது. ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது, மலையேறுமுன் அந்த ஊற்றருகே அரைமணி நேரம் நிறுத்துவார்களாக. நீர் ஏன் எழுகின்றது என்று ஒரு சிறுவன் வினவினால், அன்றைய பயணம் பயனுற்றது.