கறுப்பாயிருந்தால் கருப்பட்டியா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி ஏமாந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கறுத்ததெல்லாம் கருப்பட்டி என்று நம்பி ஏமாறுகிற காலம். முன்னதிலே ஏமாற்றுகிறவன் ஒருவன், ஏமாறுகிறவன் இன்னொருவன். பின்னதிலே அந்த இரண்டு உத்தியோகத்தையும் நாமே வகித்துக்கொள்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பண்டிகைச் சமையலைப் பற்றிப் பேசவே இதை ஆரம்பித்தேன். அதிலும் ஒரே ஒரு பதார்த்தம்: சித்திரை முதல் நாள் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி விழுகிறதே, அந்த மாங்காய்ப் பச்சடி. வடையும் பாயசமும் ஆரவாரத்தோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்போது இது ஒரு மூலையில் அடக்கமாக இருக்கும். ஆனாலும் அன்றைய சாப்பாட்டுக்கு அர்த்தம் கொடுப்பது அதுதான். வருகிற வருஷத்தில் புளிப்பும் இனிப்பும் கசப்பும் கலந்தேதான் வரும், எல்லாவற்றுக்கும் நாக்கைத் தயார் செய்துகொள் என்று சொல்லாமல் சொல்கிற பச்சடி அது.

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் பூமியில் இதற்கு இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கிற பிரதேசம் அது. அவர்கள் யுகாதிக்கு மாங்காயும் வேப்பம்பூவும் வெல்லமும் புளியும் சேர்த்துப் பச்சடி செய்வார்கள். பிறகு செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழா வரும், சித்திரை பிறக்கும், தமிழ் பேசும் வீடுகளிலும் பச்சடி ஏறும். வேப்பம்பூவுக்குக் கரிசலில் பஞ்சமில்லை. தெருவெல்லாம் உதிர்ந்து கிடக்கும். மாங்காய் மட்டும் மேற்கே மலையடிவாரத்திலிருந்து, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வரவேண்டும்.

செய்முறையில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நல்ல புளிப்பு மாங்காயாக ஒன்று எடுத்துத் தோலைச் சீவித் துண்டுகளாக நறுக்கி, மூழ்குமளவு தண்ணீர் விட்டு, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் போட்டு வேகவைக்க வேண்டும். மாங்காய் குழைந்த பிற்பாடுதான் இனிப்புச் சேர்க்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே போட்டுவிட்டால் காய் விறைத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் மசியாது. கருப்பட்டியைத் தட்டி, வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் விடவேண்டும். அடியில் மண்ணும் சுண்ணாம்பும் தங்கும். பாகும் காயும் ஒன்றாகிப் பளபளவென்று வரும்போது இறக்கி, நல்லெண்ணெயில் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்து, கடைசியில் வேப்பம்பூவை வறுத்துத் தூவினால் முடிந்தது.

கால் மணி நேரத்து வேலை. இந்தக் கால் மணி நேரம் நமக்குக் கிடைப்பதில்லை என்று எண்ணி, அதையும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். குப்பியின் மேலே பச்சை நிறத்தில் ஓர் இலை. அதன் கீழே ‘இயற்கை இனிப்பு’ என்று எழுத்து. குப்பியை வாங்காத வீடுகளிலும் அந்த வார்த்தையை வாங்கிவிட்டார்கள். “எங்கள் வீட்டில் சீனியே தொடுவதில்லை, எல்லாம் கருப்பட்டிதான்” என்று சொல்லிக்கொள்வது இன்றைக்கு ஒரு கௌரவம். ஒரு தலைமுறைக்கு முன்னால் விருந்தாளிக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கக் கூசி, பக்கத்து வீட்டில் சீனி கடன் வாங்கிய அதே குடும்பங்கள்தான் இவை. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூச்சம் ஒழிந்தது நல்லதுதான். அந்தக் கௌரவத்தை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் என் சண்டை.

கடைத்தெருவில் நடக்கிற சம்பாஷணை இந்த மாதிரி இருக்கும்:

“அண்ணாச்சி, கருப்பட்டி சுத்தமானதுதானா?”

“சுத்தமானதும் இருக்கும்மா, வெல கூட. கலப்பும் இருக்கு, வெல கொறச்சல். எது வேணும்?”

“வெல கொறஞ்சதுலயே சுத்தமானதாப் பாத்துக் குடுங்க.”

இதற்கு அந்த மனிதர் என்ன செய்வார்? கொடுப்பார். கொடுத்துவிட்டு, “நயம் சரக்கு” என்றும் ஒரு வார்த்தை சொல்வார். நாம் கேட்டது சரக்கையல்ல, அந்த வார்த்தையை என்பது அவருக்குத் தெரியும்.

கலப்படம் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். வேறொன்றுமில்லை, சீனிதான். பதநீர் காய்ச்சுகிற கொப்பரையில் சீனி மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிறார்கள். கொஞ்சம் பதநீர், நிறையச் சீனி. சிரட்டையில் ஊற்றினால் அதே வடிவம். ஓலைக் கொட்டானில் வைத்தால் அதே கிராமியம். சீனியை வெறுத்து ஓடின நாகரிகவாசி, சீனியையே கறுப்புச் சட்டை போட்டு இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஆயிரம் சோதனைகள் சொல்வார்கள். உடைத்தால் உள்ளே மினுமினுக்கக் கூடாது என்பார் ஒருவர். மழைக்காலத்தில் கசிய வேண்டும் என்பார் இன்னொருவர். இவற்றைக் காட்டிலும் நிச்சயமான சோதனை ஒன்று உண்டு, அது கணக்கு. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் இனிப்பு, மற்றதெல்லாம் தண்ணீர். ஆகவே ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். சீசனில் பனங்காட்டுப் பக்கம் போனால், பத்து லிட்டர் பதநீர் என்ன விலை என்று கேளுங்கள். அதோடு விறகுக் கூலியையும், அடுப்படியில் மணிக்கணக்கில் நின்று துழாவுகிற பெண்ணின் கூலியையும் கூட்டுங்கள். உங்கள் கடைக்காரர் அதற்கும் குறைவாகக் கருப்பட்டி தருகிறார் என்றால், அவர் தர்மப் பிரபுவாக இருக்க வேண்டும். அல்லது அது கருப்பட்டியாக இருக்கக் கூடாது. தர்மப் பிரபுக்கள் மளிகைக்கடை வைப்பதில்லை.

இந்தக் கணக்கின் அடியிலே ஒரு மனிதன் இருக்கிறான். அவனைப் பார்க்காமலிருக்கத்தான் நாம் ‘இயற்கை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் தாண்டி, வேம்பார், சாயல்குடி என்று கடலை நோக்கிப் போகப் போகக் கரிசல் தேய்ந்து பனங்காடு வரும். தெற்கே திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலில் உடன்குடி. 2023-ல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் குறியீடு மரம் ஏறாது. அதற்குப் பனையேறி வேண்டும்.

நாளொன்றுக்கு இருபது முப்பது மரம். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினால் சுரப்பு நின்றுவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். நெஞ்சுத் தோல் காய்த்துப்போகும்படி அவன் ஏறி இறங்குவதெல்லாம் இந்த நாலைந்து மாதங்களுக்குள். வழுக்கினால் அதோடு சரி. இயற்கை தானாக இனிப்பைக் கொண்டுவந்து சிரட்டையில் ஊற்றுவதில்லை; ஒருவன் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவருகிறான். அவனுடைய மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டான் என்றால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சீனி கலந்த கருப்பட்டியின் விலையோடு போட்டி போட்டுப் பிழைக்கும்படி அவனை நிறுத்தினது யார்? குறைந்த விலையிலே சுத்தமானது கேட்ட நாம்தான்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. மரத்தைக் காப்பாற்ற ஒரு விதி வந்தது. ஏறுகிறவனைக் காப்பாற்றும் விதி நம் சமையலறையில்தான் எழுதப்பட வேண்டும்.

இங்கே ஒரு புத்திசாலி வாசகர் குறுக்கிடுவார்: “இனிப்பு இனிப்புதானே ஐயா? சீனியானால் என்ன, கருப்பட்டியானால் என்ன?” அவர் சொல்வதில் பாதி உண்மை. கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைச் சத்துத்தான். கூடக் கொஞ்சம் தாது உப்புக்கள். நீரிழிவுக்காரர் கருப்பட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்லி விற்கிறார்களே, அது வியாபாரப் பொய், ஆபத்தான பொய்யும்கூட. கலப்புக் கருப்பட்டியானால் கேட்கவே வேண்டாம். மருந்து என்று எண்ணிக் கருப்பட்டி வாங்குகிறவர்கள் வைத்தியரிடம் போகட்டும்.

அப்படியானால் எதற்காகக் கருப்பட்டி? முதல் காரணம் ருசி. சீனி இனிக்கும், அதற்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கருப்பட்டியில் லேசான புகை உண்டு, கொஞ்சம் கரிப்பு உண்டு. மாங்காயின் புளிப்போடும் வேப்பம்பூவின் கசப்போடும் சரிக்குச் சரியாக நின்று பேச அதனால் முடியும். இரண்டாவது காரணத்தைப் பெரியவர் ஜே. ஸி. குமரப்பா சொல்லிவிட்டுப் போனார். கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து, காந்தியடிகளோடு கிராமக் கைத்தொழில்களுக்காக உழைத்தவர். கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா கல்லுப்பட்டியில், இதே வறண்ட சீமையில், வந்து தங்கினார், 1960-ல் காலமானார். அவருடைய வாதம் எளியது: கரும்பு நல்ல நிலத்தையும் நல்ல தண்ணீரையும் கேட்கிறது, பனை இரண்டையும் கேட்பதில்லை. பொட்டல் காட்டில் நிற்கிற மரத்திலிருந்து இனிப்பை எடுத்துக்கொண்டு, நல்ல நிலத்தில் தானியம் விளைவியுங்கள் என்றார். மானம் பார்த்த பூமியில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் புரியும்படி யார் சொல்ல முடியும்?

தேவைக்கு மேல் கேட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்காமலிருக்கும் இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். வான்கோழிக் கறிக்குத் துணையாகக் கிரான்பெரி என்ற சிவப்புப் பழத்தைக் காய்ச்சிப் பரிமாறுவார்கள். நம் பச்சடிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பழம் அசாத்தியப் புளிப்பு, இனிப்புச் சேர்த்தால்தான் வாயில் வைக்க முடியும். 1912-ல் அதைத் தகரக் குவளையில் அடைக்க ஆரம்பித்தார்கள். 1941-க்குப் பிறகு தேசமெங்கும், குவளையின் வரிப்பள்ளங்கள் அப்படியே பதிந்த சிவப்பு உருளையாகத் தட்டில் வந்து விழுந்தது. 1959 நவம்பர் 9-ந் தேதி, பண்டிகைக்குப் பதினேழு நாள் இருக்கையில், களைக்கொல்லி மருந்து பட்ட பழங்கள் சந்தைக்கு வந்திருப்பதாக மந்திரி ஆர்தர் பிளெமிங் அறிவித்தார். அந்த மருந்து எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியிருந்தது. நாடே பதறியது. அந்த ஒரு வருஷமாவது, இந்தப் பழம் எந்த வயலில் விளைந்தது, யார் என்ன தெளித்தார்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். நாம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு விபத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கோவில்பட்டிக்காரர்களுக்கு இது புதிய பாடமுமல்ல. அந்த ஊர்க் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. கடலை, வெல்லப் பாகு. மூடி மறைக்க ஒன்றுமில்லை. வெல்லத்தை வெல்லம் என்றே சொல்லி விற்றுத்தான் அந்த மிட்டாய் ஊர் ஊராகப் பேர் எடுத்தது. அந்த யோக்கியதை நம் பச்சடிக்கும் போதும்.

ஆகவே என் கட்சி இதுதான். சித்திரைப் பச்சடிக்குக் கருப்பட்டி போடுங்கள். ஆனால் உண்மையான விலை கொடுத்து, உண்மையானதைப் போடுங்கள். விலை அதிகமென்று தோன்றினால் கால் கிலோ வாங்குகிற இடத்தில் நூறு கிராம் வாங்குங்கள். ஒரு மாங்காய்க்கு அது தாராளம். பச்சடி என்பது தொட்டுக்கொள்ளத்தான், பாயசம் மாதிரி குடிப்பதற்கல்ல. வாய்ப்பிருந்தால் சித்திரை வாக்கில் புதுக் கருப்பட்டி வரும்போது, காய்ச்சுகிறவர்களிடமே வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, காற்றுப் படாமல் கட்டி வையுங்கள். அதுவும் முடியாதா? தாழ்வில்லை, வெல்லத்தைப் போடுங்கள். வெல்லமும் இல்லையா? சீனியையே போடுங்கள்; போட்டுவிட்டு, “சீனிதான் போட்டிருக்கிறேன்” என்று இலையில் உட்கார்ந்தவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பச்சடி கொஞ்சம் தட்டையாக இருக்கும், குடிமுழுகிப் போய்விடாது.

ஆனால் பாதி விலைக்குச் சீனிக் கட்டியை வாங்கிக் கரைத்துவிட்டு, வருஷப் பிறப்பும் அதுவுமாக, “இயற்கை இனிப்பு” என்று விருந்தாளிக்குப் பரிமாறாதீர்கள். அந்தக் கரண்டியில் இருப்பது பொய் மட்டுமல்ல, கிழக்கே பனங்காட்டில் ஒருவனுக்குச் சேரவேண்டிய கூலியும்தான்.