கோட்டுக்குப் பெயர் எதற்கு என்பவர்களுக்கு

சீன எழுத்து படிக்கத் தொடங்குகிறவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "கோடுகளின் பெயரையெல்லாம் படிக்க வேண்டாம், எழுத்தைப் பார், எழுது, போதும்." இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பெயர்கள் ஏராளம் என்பது. முப்பதைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் அடிப்படை எட்டே: கிடைக்கோடு ஹெங், செங்குத்துக் கோடு ஷூ, இடப்பக்கம் சரிந்து இறங்குவது பியெ, வலப்பக்கம் இறங்குவது நா, புள்ளி தியென், மேல்நோக்கி ஏறும் கீற்று தீ, மடிப்பு ஜெ, கொக்கி கோவ். மற்றவை பெரும்பாலும் இவற்றின் கோவை. வளைவு, சாய்வு என இன்னும் ஓரிரு சொல் சேரும். 'ஹெங் ஜெ ஜெ ஜெ கோவ்' என்றால் மலைப்பாக இருக்கும். கிடையாகப் போய், மூன்று முறை மடங்கி, கொக்கியில் முடி, அவ்வளவுதான். பெயரைச் சொன்னாலே பேனா போகவேண்டிய வழி தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, பார்த்து எழுதினால் போதும் என்பது. 'வாய்' என்ற எழுத்து வெறும் சதுரம். பார்த்து எழுதுகிறவர் நான்கு கோடு போடுவார். கணக்கு மூன்றுதான்: ஷூ, ஹெங் ஜெ, ஹெங். மேல் விளிம்பும் வலது விளிம்பும் பேனா எடுக்காத ஒரே இழுப்பு. எளிதாக்கிய வடிவத்தில் 'உலர்ந்த' என்ற எழுத்துக்கும் 'ஆயிரம்' என்ற எழுத்துக்கும் உச்சிக்கோட்டில்தான் வித்தியாசம்: முன்னதில் ஹெங், பின்னதில் பியெ. சிறிய அச்சில் கண் ஏமாறும். பெயர் சொல்லி எழுதிப் பழகியவர் அவ்வளவு எளிதில் ஏமாற மாட்டார். 'மண்', 'அறிஞர்' ஆகிய எழுத்துகளிலோ எந்த ஹெங் நீளம் என்பதுதான் வேறுபாடு. அங்கே பெயர் கைகொடுக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, சீனர்களே இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை என்பது. சீனாவின் முதல் வகுப்புப் பாடநூலிலேயே கோடுகளின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பிள்ளைகள் விரலை நீட்டிக் காற்றில் எழுதியபடி "ஹெங், ஷூ, பியெ" என்று சேர்ந்து சொல்கிறார்கள். வளர்ந்தபின் சொல்ல வேண்டியிருப்பதில்லை. நாமும் சுழியை எண்ணிக்கொண்டா எழுதுகிறோம்? சந்தேகம் வந்தால் மட்டும் "மூணு சுழி ணவா, ரெண்டு சுழி னவா?" என்று கேட்கிறோம்.

நான்காவது, கைப்பேசி வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பது. ஒலியைத் தட்டினால் எழுத்து வரும், சரி. ஒலியே தெரியாத எழுத்து எதிர்ப்பட்டால்? அதற்குத்தான் கோட்டு விசைப்பலகை. அதில் ஐந்தே விசைகள்; 'தீ' ஹெங்கோடு சேரும், 'நா'வும் புள்ளியும் ஒரே விசை. 1983-இல் வாங் யோங்மின் உருவாக்கிய வூபி தட்டச்சு முறையும் ஆங்கில விசைகளை இதே ஐந்து கோட்டு வகைகளாகத்தான் பிரித்தது. அச்சு அகராதியின் அட்டவணையும் கோட்டு எண்ணிக்கைப்படி நடக்கிறது. 'வாய்'க்கு நான்கு என்று எண்ணியவர் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு: ஓர் எழுத்தும் எழுதாமல் பட்டியலை உருப்போடுவது வீண். அதற்காகப் பெயரையே ஒதுக்க வேண்டியதில்லை. புதுக் கோடு எந்த எழுத்தில் முதலில் வருகிறதோ, அங்கேயே அதன் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். பிறகு ஆசிரியர் "மூன்றாவது கோடு பியெ, நீங்கள் ஹெங் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரே வரியில் திருத்திவிடலாம்.