பாயிண்ட் மட்டும் போதுமா சார்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலனியில் ரெண்டு பிளாக் தள்ளி இருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தார். காபி முடியும் வரை ஊர்க்கதை. கிளம்பும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பசங்ககிட்ட அரசியல் எல்லாம் பேச வேணாமே. பாயிண்ட் மட்டும் குடுங்க, எழுதிப்பாங்க. இருபது மார்க்குதானே!"

விஷயம் இதுதான். டெல்லியில் எங்கள் காலனித் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஞாயிறு காலையில் பத்தாம் வகுப்பு பொலிட்டிகல் சயின்ஸ் (நம்ம காலத்து சிவிக்ஸ்) சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. கேட்டாலும் யாரும் தரமாட்டார்கள், அதெல்லாம் கணக்குக்கும் சயின்ஸுக்கும்தான் :-)

அப்படி என்ன அரசியல் பேசிவிட்டேன்?

அதிகாரப் பகிர்வு பாடத்தில் பெல்ஜியமும் இலங்கையும் வருகின்றன. 1956-ல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கிய சட்டத்தை அவர் பையன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "இதுல வர்ற தமிழர்கள் என்ன பாஷைடா பேசுவாங்க?" என்றேன். முழித்தான். "உங்க வீட்டுல பேசற அதே பாஷைதான்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்புறம் அரை மணி நேரம் கேள்விதான். ஆட்சிமொழி தெரியாதவங்களுக்கு அரசாங்க வேலை எப்படிக் கிடைக்கும் அங்கிள்? பெல்ஜியம் மட்டும் ஏன் வேற வழியில போச்சு?

இது அரசியல்தான். பாடத்தின் பேரே அதுதானே சார்!

அடுத்தது கூட்டாட்சி. 'போலீஸ் மாநிலப் பட்டியலில் உள்ளது' என்று எழுதினால் மார்க் வரும். ஆனால் பிள்ளை இருப்பது டெல்லியில். 1991-ல் 69-வது திருத்தம் டெல்லிக்குச் சட்டமன்றம் கொடுத்தபோதே போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றையும் அதன் கையில் தரவில்லை. டெல்லி போலீஸ் மத்திய உள்துறையின் கீழ். தண்ணீருக்கு டெல்லி அரசின் ஜல் போர்டு, குப்பைக்கு மாநகராட்சி. தெருவில் சைக்கிள் திருடு போனால் கேள்வி கேட்க வேண்டியது முதல்வரையா, உள்துறை அமைச்சரையா என்று தெரியாதவனுக்கு இருபதுக்கு இருபது! என்ன பிரயோஜனம்?

2022-ல் 'மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்', 'ஜனநாயகத்தின் சவால்கள்' என்ற பாடங்களையே பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் காலனியில் கேட்ட ஒரே குரல், "அப்பாடா, போர்ஷன் குறைஞ்சுது!"

நண்பரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பிழைக்க வந்த ஊர், நமக்கெதுக்கு வம்பு என்ற பழைய பயம். ஆனால் பிள்ளைக்கு இதுதான் சொந்த ஊர். 1989-ல் ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தாகிவிட்டது. இன்னும் மூணே வருஷத்தில் அவன் பூத்துக்குப் போகணும். அங்கே யார் பாயிண்ட் கொடுப்பார்கள்?

"சரி, உங்க வார்டு கவுன்சிலர் யாரு சார்?" என்றேன். தெரியவில்லை. "ஓட்டு?" "அது கும்பகோணத்துலயே இருக்கு." இங்கே வந்து பதினாலு வருஷம்!

1950-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்கணும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. நானும் யோக்கியன் இல்லை. என் பெயரும் ரொம்ப வருஷம் திருச்சிப் பட்டியலில்தான் கிடந்தது. "நீ ஏம்ப்பா இங்க ஓட்டுப் போடல?" என்று என் பெண் கேட்ட பிறகுதான் மாற்றினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஊரோடு உறவை விடச் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போங்க, குலதெய்வத்துக்குப் போங்க. ஆனால் குடிக்கிற தண்ணியும் நடக்கிற ரோடும் இங்கே, ஓட்டு மட்டும் அங்கே என்றால், இங்கே நம்மை எந்தக் கவுன்சிலர் மதிப்பான்? அதைப் பார்த்து வளரும் பிள்ளை ஜனநாயகம் என்றால் அஞ்சு பாயிண்ட் என்றுதானே நினைக்கும்?

அதனால் நண்பருக்கு என் பதில்: பாயிண்ட் வேணும்னா கடையில் கைடு விற்கிறது. என்னிடம் வந்தால் அரசியல்தான். அடுத்த ஞாயிறு பையனோடு நீங்களும் வாங்க. முகவரி மாற்ற படிவம் 8 போதும். உட்கார்ந்து நிரப்பிடலாம்.

பையன் போன வாரமும் வந்தான். அப்பா இன்னும் வரவில்லை.