ஆயிரம் பொன் யானையும் கண்டியின் ஸ்போர்ட்ஸ் காரும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம்மவர் பழமொழி. ஆண்டுதோறும் எசல பெரஹராவில் யானைகள் அசைந்து செல்லும் எங்கள் கண்டி மாநகரிலே இப்போது இப்பழமொழியைக் காருக்கும் பொருத்திப் பேசுகின்றார்கள். "வாங்கிய விலைக்குக் குறையாமல் விற்கலாம்" என்பது வில்லியம் கோபல்லாவ மாவத்தையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலும் உள்ள வாகன விற்பனை நிலையங்களில் அன்றாடம் ஒலிக்கும் மந்திரம். ஓடி ஓடித் தேயும் இயந்திரமொன்று, தேயத் தேய விலை ஏறும் என்று படித்தவர்களும் நம்புகின்றார்கள். இந்த நம்பிக்கை பொய்யானது என்பதும், அதை உருவாக்கியது காரின் தரமல்ல, அரசாங்கத்தின் வர்த்தமானியே என்பதும் என் வாதம். அதை நிறுவுவதற்கு ஸ்போர்ட்ஸ் காரைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். எங்கள் வீதிகளிலே எப்போதாவது கண்ணிற் படும் ஸ்போர்ட்ஸ் கார்கள் சில உள. மஸ்டா ஆர்எக்ஸ்-8, டொயோட்டா 86, ஹொண்டா சிஆர்-இசட், 658 சிசி எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு ஹொண்டா எஸ்660, அரிதாக ஒரு பிஎம்டபிள்யூ இசட்4. இவற்றை வாங்குபவர் தொகை மிகச் சிறியது. கண்டி வாவியைச் சுற்றிய வீதியில் மாலை வேளையில் நடந்து செல்பவன் இவற்றை முந்திவிடுவான். பதினெட்டு வளைவிலும் ரம்பொடைக் கணவாயிலும் ஓட்டுவதற்கு இன்பமானவைதாம். ஆனால் அந்த ஏற்ற இறக்கங்கள் கிளட்ச்சையும் பிறேக்கையும் விரைவிலே தின்றுவிடும். தாழ்ந்த அடிப்பாகம் தோட்டப் பாதைகளின் குழிகளுக்கு ஒவ்வாது. கண்டிக்கு இன்னும் அதிவேக நெடுஞ்சாலை வந்து சேரவில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பகுதி மீரிகமவிலிருந்து குருநாகல் வரையுமே செல்கின்றது.

வாங்குவோர் அரிதான பொருளுக்குச் "சந்தை விலை" என்று ஒன்று நிலையாக இருக்க முடியாது. விளம்பரத்திலே காணும் தொகை விற்பவரின் ஆசை. கைமாறும் தொகையோ, அந்த மாதத்தில் ஆசைப்பட்ட ஒருவரோ இருவரோ எவ்வளவு தர முன்வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய ஆல்டோ ஒன்றைத் திங்கட்கிழமை விளம்பரம் செய்தால் வார இறுதிக்குள் விற்கலாம். ஆர்எக்ஸ்-8 ஒன்றை விற்பதற்கு ஆண்டொன்று காத்திருந்தவர்களை நான் அறிவேன். இறுதியில் தரகர் அதைக் கடுகண்ணாவை இறக்கி, கொழும்புக்குக் கொண்டுசென்று, தம் பங்கையும் எடுத்துக்கொண்டு விற்றுக் கொடுப்பார். இந்தக் காத்திருப்பின் செலவை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை.

உலகத்தின் பிற பாகங்களிலும் ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை ஒரே சீராக இறங்குவதில்லை. ஆனால் அங்கே காரணங்கள் காரிலேயே உள்ளன. போர்ஷே 911 தன் மதிப்பைப் பெரிதும் காத்துக்கொள்கின்றது. உதிரிப்பாகமும் பேணுகையும் பேரார்வலர் கூட்டமும் அதற்குண்டு. 2003 முதல் 2012 வரை உற்பத்தியான ஆர்எக்ஸ்-8 விரைவாகச் சரிந்தது. அதன் சுழல் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். சுழலியின் முனைகளில் உள்ள அடைப்புகள் தேய்ந்தால் எஞ்சினையே பிரித்துச் செய்ய வேண்டும். கண்டியிலே அதைத் துணிந்து பிரிக்கக்கூடிய பாஸ்மார் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும். ஆகவே அதன் விலை சரிவது நியாயம்.

அரசின் விதி விலையை நிர்ணயிக்கும் நாடுகளும் உண்டுதான். அமெரிக்காவிலே, அந்நாட்டு விதிகளுக்கமையத் தயாரிக்கப்படாத கார் 25 ஆண்டுகள் கடந்த பின்னரே தடையின்றி இறக்குமதியாகலாம். 1999 இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஆர்34 இன் விலை ஜப்பானில் ஏறியதற்கு 2024 ஐ எதிர்பார்த்திருந்த அமெரிக்கர்களும் ஒரு காரணம். சிங்கப்பூரிலே 1990 முதல் கார் வைத்திருக்கும் உரிமைக்கே பத்தாண்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்தாண்டு முடிந்தால் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் வாகனத்தை விலக்க வேண்டும். இவ்விரு நாடுகளிலும் ஒரு நேர்மை உண்டு. விதி முன்கூட்டியே தெரியும். வாங்குபவன் பத்தாண்டுக்கு முன்னரே கணக்குப் போடலாம். நம் நாட்டிலோ நள்ளிரவில் வெளிவரும் வர்த்தமானி காலையிற் கண்விழிப்பவனை இலட்சாதிபதியாக்கும், அல்லது கடனாளியாக்கும்.

பட்டியலைப் பாருங்கள். கலப்பு எஞ்சின் கார்களுக்குச் சலுகை கொடுத்தார்கள், வந்து குவிந்தன. பின்னர் வரியை ஏற்றினார்கள். மின்காருக்குச் சலுகை கொடுத்தார்கள், நிசான் லீஃப் குவிந்தது. பின்னர் அதற்கும் ஏற்றினார்கள். 2018 ஓகஸ்டில் ஆயிரம் சிசிக்குக் குறைந்த கார்களின் வரி உயர்ந்தது. அடுத்த மாதமே, இறக்குமதிக் கடன் கடிதம் திறப்பதற்கு முழுத் தொகையையும் பணமாக வைக்கும்படி மத்திய வங்கி பணித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டுக்குள் புதிய தனியார் கார் வரவில்லை. இந்நிலையில் உள்ளே இருந்த பழைய கார்களுக்கு விலை ஏறியதில் வியப்பென்ன? கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பாணுக்கு விலை ஏறியதைப் பாணின் சிறப்பு என்பார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட்டிய கதவுக்கு முன்னரும் பக்கத்துக் கதவொன்று சிலருக்குத் திறந்தே இருந்தது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட தீர்வையற்ற அனுமதிப்பத்திரங்கள் பணத்துக்குக் கைமாறியமை நாடறிந்த செய்தி. சாதாரண குடிமகன் வரிக்கு மேல் வரி கட்டி வாங்கும் பொருளை, மற்றொருவர் ஒரு கையொப்பத்தினால் பாதி விலைக்குப் பெற்று முழு விலைக்கு விற்கக்கூடிய சந்தையை எவ்வாறு சந்தை என்று அழைப்பது?

"விலை ஏறியது உண்மைதானே?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 2019 இறுதியில் டொலர் ஒன்று சுமார் 182 ரூபா. 2022 இறுதியில் சுமார் 363 ரூபா. ஒருவர் 2019 இல் ஒரு கோடி ரூபாவுக்குக் கார் வாங்கி, 2022 இறுதியில் ஒன்றரைக் கோடிக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது இலட்சம் இலாபம் என்று ஊர் முழுவதும் சொல்லித் திரிவார். அவர் கொடுத்தது ஏறத்தாழ 55,000 டொலர். திரும்பப் பெற்றதோ ஏறத்தாழ 41,000 டொலர். கார் தேய்ந்தது போலவே பணமும் தேய்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஏறியது காரின் மதிப்பன்று. இறங்கியது ரூபாவின் மதிப்பு.

அவ்வாண்டையே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்களின் கண்ணாற் பாருங்கள். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, இவ்வகைக் கார்கள் பலவற்றுக்கு வேண்டிய 95 ஒக்டேன் 550 ரூபா. பின்னர் கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். கோடி ரூபா "பெறுமதியான" வாகனம் கராஜில் துணி போர்த்திக் கிடந்தது. விலைப்பட்டியலில் ஏறிக்கொண்டும், வீதியில் ஓடாமலும் இருந்த அந்தக் கார்களைவிட இச்சந்தையின் பொய்மைக்கு வேறு உவமை வேண்டியதில்லை.

பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் கற்ற நண்பர் ஒருவரின் மகன், கணினித் துறையில் நற்சம்பளம் பெறுபவன், அந்த உச்ச விலையிலேதான் டொயோட்டா 86 ஒன்றை லீசிங்கில் எடுத்தான். "அங்கிள், இது செலவு இல்லை, முதலீடு" என்று என்னிடம் விளக்கினான். வட்டி வானளாவ இருந்த காலம் அது. 2025 இல் கதவு திறந்தபோது விற்க முயன்றான். பொதுவாகப் பழைய கார்களின் விலை பலரும் எதிர்பார்த்த அளவுக்குச் சரியவில்லை. புதியவற்றின் மீது அரசு சுமத்திய வரி அத்தகையது: சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சினின் ஒவ்வொரு சிசிக்கும் இத்தனை ரூபா என உற்பத்தி வரி, சொகுசு வரி, இவற்றுக்கெல்லாம் மேலே 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. புதிய ஆல்டோவின் விலைதான் பழைய ஆல்டோவைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் அந்த இளைஞனின் காருக்கு இத்தகைய தாங்குமரம் இல்லை. அவன் கேட்ட தொகையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளின் பின் முதற்றடவையாகப் புத்தம்புதிய ஜப்பானியக் காரோ, சீன மின்காரோ கிடைத்தது. இரண்டு கதவு மட்டுமுள்ள, பத்தாண்டு கடந்த காருக்கு எவர் வருவார்? இறுதியில் வாங்கிய விலைக்கும் குறைவாகவே விற்றான். கட்டிய வட்டியைச் சேர்த்தால் அந்த "முதலீடு" அவன் தங்கையின் படிப்புச் செலவை விழுங்கியிருந்தது.

இந்த மயக்கத்தில் விற்பவரின் பங்கும் உண்டு. மீற்றரைப் பின்னோக்கித் திருப்புவது இன்று ஒரு மணிநேர வேலை. ஜப்பானிய ஏலத்தாள் என்று காட்டப்படும் காகிதம் அந்தக் காருடையதா என்பதை எத்தனை பேர் சேசிஸ் இலக்கத்தோடு ஒப்பிடுகின்றனர்? பெயர் மாற்றாமல் "ஓபன் பேப்பரில்" நாலு கை மாறிய வாகனத்தின் நாலு சொந்தக்காரரும் ஏட்டிலே இல்லை. மலையேற்றப் போட்டிக்கென எஞ்சினை முறுக்கேற்றி, பின்னர் பழைய கோலத்துக்குத் திருப்பி, "வைத்தியர் ஓட்டிய கார்" என்று விற்கின்றார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. வெள்ளம் புகுந்த கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தால் அதை வாங்குபவன் எவ்வாறு அறிவான்? பத்திரிகைத் துறையும் இதிலே குற்றமற்றதல்ல. வார இறுதி வாகனப் பக்கங்களில் விற்பனையாளரின் புகழுரையே செய்தியாகின்றது. விளம்பரம் தருபவரைக் கேள்வி கேட்கும் ஆசிரியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"பணக்காரரின் விளையாட்டுப் பொருளுக்காகவா இத்தனை எழுத்து?" என்று சில வாசகர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. 86 வாங்கி நட்டப்பட்டவனுக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் அதே வர்த்தமானிதான் மஹியாவயில் முச்சக்கரவண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவனின் தலையிலும் விழுகின்றது. தோட்டத்திலிருந்து வெளியேறி நகருக்கு வந்த இளைஞன், தாயின் சேமலாப நிதியை முற்பணமாக வைத்து, பழைய வண்டியைப் புதிய வண்டியின் விலைக்கும் மேலாக எடுக்கின்றான். விலை இறங்காது என்ற அதே மந்திரம் அவன் காதிலும் ஓதப்படுகின்றது. ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் விழுந்தால் எழுந்து நிற்கச் சம்பளம் உண்டு. இவன் விழுந்தால் லீசிங் நிறுவனத்தின் ஆட்கள் வண்டியை இழுத்துச் செல்வார்கள், தவணை மட்டும் மிஞ்சும்.

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவது, வாகன வரி ஐந்து ஆண்டுக்கு இன்னவாறு அமையும் என்பதை அரசு முன்கூட்டியே அறிவித்து, சொன்ன சொல்லில் நிற்க வேண்டும். அந்நியச் செலாவணி அருகினால் கட்டுப்பாடு அவசியமென்பதை மறுக்கவில்லை. எந்த நிலையில் எந்தக் கட்டுப்பாடு வரும் என்பதாவது எழுத்தில் இருக்கட்டும். இரண்டாவது, வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஒவ்வோராண்டும் புகைப் பரிசோதனைக்குப் போகின்றோமல்லவா? அங்கே மீற்றர் காட்டும் தொலைவைப் பதிந்து, காப்புறுதி நிறுவனங்களின் விபத்துப் பதிவோடு சேர்த்து, சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தால் எவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பிரித்தானியாவிலே வாகனமொன்றின் வருடாந்தப் பரிசோதனை வரலாற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நமக்கு மட்டும் ஏன் இந்த இருட்டு? மூன்றாவது, தீர்வையற்ற அனுமதிப்பத்திரம் என்ற பக்கத்துக் கதவு இனி எந்த ஆட்சியிலும் திறக்கப்படாதவாறு சட்டத்தினால் அடைக்கப்பட வேண்டும்.

அதுவரை, கார் வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்போர்ட்ஸ் காரை விரும்பினால் வாங்குங்கள். நுவரெலியா வீதியில் விடியற்காலையில் ஓட்டும் இன்பத்துக்காக வாங்குங்கள். அந்தப் பணம் செலவாகிவிட்டது என்று அன்றே கணக்கை மூடிவிடுங்கள். அவ்வாறு மூட வழியில்லையாயின், லீசிங் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம்.