மூலிகை விழா: பெயரறிந்து வளர்ப்போம்

செடிகொடிகளின் பெயராலேயே வாழ்வை வகுத்துக்கொண்ட மொழி தமிழ். அகத்திணைகளுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பெயரிட்ட நம் முன்னோர், போரின் நிலைகளுக்கும் வெட்சி, கரந்தை, நொச்சி, உழிஞை, தும்பை, வாகை என்று பெயர் சூட்டினர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் அடுத்தடுத்து வருவதை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் வியந்து கூறுகிறோம். ஆயின், தும்பைத் திணையை விளக்கி முழு மதிப்பெண் பெறும் மாணவர், மதிலோரம் வெண்பூப் பூத்து நிற்கும் தும்பைச் செடியைக் கண்டால் பெயர் சொல்வாரா என்பது ஐயமே. நொச்சித்திணை மதில் காவலைக் குறிக்கும் என்று அறிந்தவர், சளிக்கு வேதுபிடிக்கத் தாய் கொணரும் தழையும் அந்நொச்சியே என்பதை அறியார்.

டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் நிலவேம்புக் குடிநீரும், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது கபசுரக் குடிநீரும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. வரிசையில் நின்று வாங்கிப் பருகியோருள், நிலவேம்பு என்பது வேப்பங்கன்று அன்று, அது தனியொரு சிறுசெடி என்று அறிந்தவர் எத்தனை பேர்? பொடியாகவும் பொட்டலமாகவும் வரும்போது மட்டுமே மூலிகையை அறியும் தலைமுறை உருவாகிவருகிறது. இந்நிலை மாற, கல்லூரியும் ஊரும் கைகோத்து ஆண்டுக்கொருமுறை மூலிகை விழாவும் நாற்று விற்பனையும் நடத்துதல் வேண்டும் என்பது நம் கருத்து.

விழா எப்பொழுது நிகழவேண்டும்? மேலைநாடுகளில் இத்தகைய விழாக்கள் உறைபனி நீங்கும் இளவேனிற்காலத்தில் நடைபெறுகின்றன. அஃது அவர்தம் நடவுப் பருவம். நமக்கோ இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அவ்வெயிலில் விற்ற கன்று ஒரு வாரத்தில் வாடும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆதலின் ஆடியில் விதையிட்டும் பதியமிட்டும், புரட்டாசியில் விற்பதே நம் மண்ணுக்குப் பொருந்தும். கற்பூரவள்ளியும் நொச்சியும் ஒடித்து நட்டாலே வேர்விடும். முடக்கத்தானை விதையிலிருந்து வளர்க்கலாம். வல்லாரை தன் ஓடுகொடியாலேயே பெருகும். இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

இத்தகைய விழா நோயாளரை ஏமாற்றும் போலி மருத்துவத்துக்கு வழிதிறவாதா என்று ஆன்றோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினா இது. கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். கல்லீரலைத் தாக்கும் 'பி' வகை நச்சுயிரியைச் சுமந்தோருக்கு இச்செடி பயன்தந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் எழுதினர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் பல அம்முடிவை உறுதிசெய்யவில்லை. மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பி மருத்துவரிடம் செல்லாது காலந்தாழ்த்துவோர் உயிருக்கு இடர் தேடிக்கொள்கின்றனர். எனவே, நம் விழாவில் எந்தச் செடியின் அட்டையிலும் 'இன்ன நோய் தீரும்' என்ற சொல் இடம்பெறலாகாது. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, மனச்சான்றுக்கு அஞ்சியும் நாம் இதனைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

அட்டையில் வேறு என்ன எழுதலாம்? செடியின் தமிழ்ப் பெயர், ஊர்வழக்குப் பெயர், தாவரவியற் பெயர், வளர்ப்பு முறை ஆகிய நான்கும் போதும். பெயர் என்பது சிறு செய்தியன்று. கற்றாழை என்ற சொல் சோற்றுக்கற்றாழையையும் குறிக்கும். மெக்சிகோ நாட்டுப் பகுதியிலிருந்து வந்து வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழையையும் குறிக்கும். முன்னது தோலுக்குக் குளிர்ச்சி என்று பூசுவது. பின்னதன் சாறோ தோலை அரிக்கும். நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கை உண்டால் உயிருக்கே தீங்கு. இவ்வெச்சரிக்கைகளைச் சரியான பெயரோடு சொல்வதில் தாவரவியல் துறைக்கும் தமிழ்த்துறைக்கும் சமபங்கு உண்டு. பாட்டிமாரிடம் கேட்டு ஊர்வழக்குப் பெயர்களைத் தொகுக்கும் மாணவர், அகராதிக்கும் தொண்டு செய்தவராவார்.

மற்றொரு நெறியும் வேண்டும். காட்டில் பிடுங்கிய செடியை விற்றலாகாது. ஊறுகாய்க்குச் சுவையூட்டும் மாகாளிக்கிழங்கு, மலைகளில் வேரோடு தோண்டப்பட்டே அருகிவருகிறது. நாற்றங்காலில் நாமே வளர்த்தவற்றை மட்டும் விற்போமாயின் விழா காட்டுக்கும் நன்மையாகும்.

இவ்விழா ஊரை ஒன்றுசேர்க்கும் என்பதிலும் நமக்கு ஐயமில்லை. நோன்பு திறக்கையில் நாம் அருந்தும் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை எந்தச் செடியினது? அரபியர் ரைஹான் என்று போற்றும் அச்செடியைத் தமிழர் திருநீற்றுப்பச்சை என்கின்றனர். ஒரே செடி, இரு வழிபாட்டு மரபுகளின் மணத்தையும் தன் பெயர்களில் ஏந்தி நிற்கிறது. அதனை வாங்க வரும் அண்டை வீட்டாருக்கும் நமக்கும் பேசிக்கொள்ள எத்துணையோ செய்திகள் உண்டு.

ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலில் ஒளுச் செய்த நீர் ஐவேளையும் சாக்கடைக்கே செல்கிறது. சவர்க்காரம் கலவாத அந்நீரை ஒரு பாத்திக்குத் திருப்பினால் ஈரம் விரும்பும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஆண்டு முழுதும் தழைக்கும். விழாவுக்குரிய நாற்றுகளை அங்கேயே உருவாக்கலாம். மரம் நடுவதை அறமாக எண்ணும் சமுதாயத்திற்கு இஃது அரிய செயலன்று.

மாணவர் ஒவ்வொருவரும் ஒரு செடியை வளர்த்து, அதன் பெயரைப் பிழையின்றிச் சொல்லி, ஒருவர் கையில் ஒப்படைக்கட்டும். வரும் ஆடியில் விதைப்பைகளை நிரப்பத் தொடங்குவோம். புரட்டாசியில், தும்பைத் திணையைப் பாடமாகப் படித்தவர் தும்பைச் செடியைக் கையில் ஏந்தி நிற்கட்டும்.